ஜரிகை வாங்கப் போனவர்

செவ்வாய், இரவு

ஏரியில் சாயத் தண்ணீர் விடுவதை எதிர்த்துப் பேசினார் என்று, நேற்று சாயங்காலம் மப்டியில் வந்த இரண்டு போலீஸ்காரர்கள் என் வீட்டுக்காரரைத் தறியிலிருந்து எழுப்பி பைக்கில் கூட்டிப்போனார்கள். தெருவில் யாரும் கவனிக்கவில்லை.

"இன்னாம்மா, தறி சத்தமே காணோம்? அண்ணன் இல்லியா?" என்று பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா கேட்டாள்.

மானம் போய்விடுமே என்று, "ஜரிகை வாங்க காஞ்சிபுரம் போயிருக்காருக்கா" என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். நெசவுக்காரர் வீட்டில் இதை யார் சந்தேகப்படுவார்கள்?

இன்று காலை நான் போய்ப் பார்த்த வக்கீல் தைரியம் சொன்னார். "புடிச்சா ஒரு நாளைக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தியாவணும்மா. அரசியல் சட்டத்துலயே இருக்குது. அவங்க இஷ்டத்துக்கு வெச்சிகினு இருக்க முடியாது."

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். "நாங்க யாரையும் கூட்டினு வரலியேம்மா" என்றார்கள். உடனே வக்கீலிடம் ஓடினேன்.

"அவரைக் காணோம்னு கோர்ட்டுல மனு போட்டா, தெருவுல விசாரிப்பாங்க. தெருவுல இன்னா சொல்லுவாங்க?" என்றார்.

சட்டம் அவரைத் தேடி வந்தால், தெருவே சேர்ந்து காஞ்சிபுரத்துக்கு வழி காட்டும்.

மல்லிகா அக்கா வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. அது அணைவதற்குள் போய்க் கதவைத் தட்டி உண்மையைச் சொல்லவேண்டும்.