கண் நனையாத துஆ

சம்மாந்துறை,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் ஸுஹைறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், கத்தார் வெயிலில் நீயும் சுகமாயிருக்க வேண்டும் என்பதுதான் உம்மாவின் ஆசை. அங்கே வேலை செய்கிற நம் ஊர் முர்ஷித் லீவு முடிந்து நாளை கத்தாருக்குத் திரும்பி வருகிறான், அவனிடம் தொதல் இனிப்பும் நெத்தலிக் கருவாடும் கொடுத்துவிடுகிறேன், தொதலை வழியிலேயே தின்று முடித்துவிடுவானோ என்றுதான் பயம். மூத்தவன், உன் காக்கா இன்ஸாப் வயல் விதைத்துவிட்டான், வீட்டுக்கு வருவது சோற்றுக்கு மட்டும்தான்.

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். நீ போனில் பேசி அனுப்பிய வொய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதில் நீ, தொழுறன் உம்மா, ஆனா சுவரோட கதைக்கிற மாதிரி இருக்கு, மனசு, கல்பெல்லாம் காஞ்சி போயிட்டு, இனித் தொழுது என்ன பிரயோசனம், நீங்களே எனக்காக அல்லாஹ்ட்டக் கேளுங்க, உங்கட துஆவத்தான் அவன் கேப்பான் என்று சொல்லியிருந்தாய். மகள், அதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. வாப்பா மௌத்தாகி நம்மை விட்டுப்போன நாளிலிருந்து உன் உம்மாவின் துஆவும் அப்படித்தான். கையை ஏந்திக் கெஞ்சுவேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வராது, முகத்தைத் தடவிக்கொண்டு எழும்பிவிடுவேன். பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா வந்து, உங்கட துஆ கபூலாகும், அல்லாஹ் ஏத்துக்குவான், எனக்கும் சேத்துக் கேளுங்க என்பார், நானும் ஓம் என்று தலையாட்டுவேன். என்னிடமே இல்லாததை யாருக்கு அள்ளிக் கொடுக்க?

ஆனாலும் பெற்ற பிள்ளை கேட்டால் இல்லையென்று எப்படிச் சொல்வது. மறுநாள் விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு, யா அல்லாஹ், எனக்கு ஒன்றும் வேண்டாம், தூரத்தில் இருக்கிற என் பிள்ளையின் கல்பைக் காயவிடாதே என்றேன், அவ்வளவுதான், கண்ணீர் பொலபொலவென்று கொட்டித் தொழுகை உடுப்பு நனைந்துவிட்டது. இத்தனை மாதம் எனக்கென்று கெஞ்சியும் கிடைக்காதது உன் பேரைச் சொன்னதும் கிடைத்தது. சோறு தருகிறவன்தான் அழுகையையும் தருகிறான் மகள், அதை எப்போது, யார் கையில் கொடுத்தனுப்புவது என்று அவனுக்குத் தெரியும். நாம் ஏந்திய கையை மடக்காமல் இருந்தால் போதும்.

அதனால் தொழுகையை மட்டும் விட்டுவிடாதே. உனக்கென்று கேட்க வரவில்லையா, கேட்காதே. உம்மாவுக்கு முழங்கால் வலி, ஸுஜூதில் தலை வைத்தால் எழும்பக் கஷ்டப்படுகிறா என்று எனக்காகக் கேள். உண்மையாகவே வலிக்கிறது, நீ கவலைப்படுவாய் என்று இவ்வளவு நாளும் சொல்லவில்லை.

அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்திருப்பானாக. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

உன் துஆவுக்காகக் காத்திருக்கும்,
உம்மா நாச்சியா.