நியாயமான காலம் என்று எழுதியவனுக்கு

அன்பு மாப்ள சுந்தரம்,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. மில் ஆபீசில் உன் நாற்காலியை இன்னும் உன் பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

குடியிருப்பு விதிகளை நாம் இருவரும் எழுதிய நாள் நினைவிருக்கிறதா? தொழிலாளி இறந்தால், அவர் குடும்பம் "நியாயமான காலத்துக்குள்" மில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதினாய். "ஆறு மாசம்னு போடு மாப்ள, தெளிவா இருக்கட்டும்" என்றேன். நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டாய்.

"ஆறு மாசம் முடியிற அன்னிக்கு ஒருத்தி நெறமாசமா நின்னா? எங்கிட்டு அனுப்புவ அவள?"

நீ எழுதியபடியே நானும் கையெழுத்துப் போட்டேன். உன் மனசுக்கு அந்த வார்த்தை போதும். நமக்குப் பிறகு அதை வாசிக்கப்போகிறவர்களை நாம் ஏன் யோசிக்கவே இல்லை?

உன் காரியம் முடிந்த மறுவாரமே என் தங்கச்சி ராஜேஸ்வரிக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாள் கெடு. உன் மகள் செல்வியின் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கோ இன்னும் மூன்று மாதம் இருந்தது. புது மேனேஜரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை மாப்ள.

"பச்சப்புள்ளயோட ஒரு குடும்பம் இந்த வீட்டுக்குக் காத்துக்கிட்டு தகரக் கொட்டாய்ல கெடக்கு. அவுகளுக்கு இதுதான் நியாயமான காலம். நீங்கதானய்யா இப்படி எழுதி வச்சிருக்கீங்க?"

ஒரு நாள் அவகாசம் கேட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பழைய கோப்புகளைக் கிளறியபோது உன் கையெழுத்தில் ஒரு குறிப்பு அகப்பட்டது. இறந்துபோன தொழிலாளி ஒருவரின் மனைவிக்குப் பிரசவமாகி, பிள்ளைக்குத் தலை நிற்கும்வரை வீட்டை விட்டுவைத்த உத்தரவு. மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். "சரி, பரீட்சை முடியட்டும். கொட்டாய்ல கெடக்குறவுகளுக்கு என்ன சொல்ல?" என்றார். அந்தக் குடும்பத்தைத் தல்லாகுளத்தில் என் வீட்டு முன்னறைக்கு அழைத்து வந்துவிட்டேன். நெருக்கடிதான். ஆனாலும் அந்தக் குழந்தை எங்கள் வீட்டில்தான் தவழப் பழகியது.

பிறகு மேனேஜரே விதியைத் திருத்தச் சொன்னார். "குறைந்தது ஆறு மாதம். அப்போது பிரசவமோ நோயோ பள்ளிப் பரீட்சையோ இருந்தால், அது முடியும் வரை" என்று எழுதினேன். இதற்கு நீ ஒப்புக்கொள்வாயா?

செல்வி பாஸாகிவிட்டாள். கொட்டாம்பட்டியில் என் அண்ணன் வீட்டுக்கு இருவரும் கிளம்பும்போது, ராஜேஸ்வரிக்குப் புது விதியை வாசித்துக் காட்டினேன்.

"அப்ப இனிமே யாரும் என்னய மாதிரி நோட்டீஸக் கையில வச்சுக்கிட்டு அழுது நிக்க வேணாம்லண்ணே?"

"வேணாம்த்தா."

இனி நான் எழுதும் எந்த விதியையும், அதற்குக் கட்டுப்பட வேண்டியவருக்கு முதலில் வாசித்துக் காட்டுவேன். அவருக்குப் புரிந்த பிறகே கையெழுத்துப் போடுவேன். இது சத்தியம் மாப்ள.

ராஜேஸ்வரிக்கு அண்ணனும் உனக்கு மச்சானுமான
கதிரேசன்