ஹெல்பர் என்று எழுதச் சொன்னான்

செப்டம்பர் 11, வியாழன். எனக்கு வயது எழுபத்தாறு, நான்கு மாதம், ஒன்பது நாள்.

மாலையில் முருகேசன் வந்தான். என் மகன் குமாரின் போர்வெல் ரிக் வண்டியில் பதினாறு ஆண்டுகளாக ஆபரேட்டர். தான்சானியாவில் போர்வெல் போடும் நிறுவனம் ஒன்று அவனுக்கு வேலை அனுமதி எடுத்துத் தர முன்வந்திருக்கிறது. அதற்கு இங்குள்ள முதலாளியின் அனுபவச் சான்று வேண்டும். ரிக் தொழிலில் யாருக்கும் நியமன ஆணை கிடையாது. வாய்ப்பேச்சில் சேருகிறார்கள், வாய்ப்பேச்சில் விலகுகிறார்கள். ஆகவே இந்த ஒற்றைத் தாள்தான் அவனுக்கு எல்லாம்.

"அம்மா, நீங்க இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தாப் போதுமுங்க. அதைப் பாத்துத்தான் பர்மிட்டு போடுவாங்களாமுங்க."

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்ததற்கு எஞ்சியிருக்கும் பயன் இதுதான்.

அவன் போனதும் குமார் வந்தான். "ஹெல்பர்னு போடும்மா. ஆபரேட்டர்னு போட்டா பர்மிட்டு வந்துரும். அப்பறம் நம்ம வண்டிய ஆரு ஓட்டறது?"

"பதினாறு வருசமா ஹெல்பரா போர் போட்டான்? அப்ப ஆபரேட்டர் ஆரு, நீயா?"

"உனக்கு ஊரா ஊட்டுப் பையன்தான் பெருசு" என்று கதவை அறைந்து சாத்தினான்.

ஆபரேட்டர் என்றே எழுதி வைத்திருக்கிறேன். குமார் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். காலையில் இடுவானா, தெரியவில்லை. சுயநலக்காரன் என்று திட்ட வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

இருபத்தைந்து வயதில் குமாருக்கும் மஸ்கட்டிலிருந்து இப்படி ஓர் அனுமதி வந்தது. அவன் அப்பா இறந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அந்தத் தபாலைக் கையெழுத்திட்டு வாங்கியவள் நான். ஒன்றும் வரவில்லை என்று அவனிடம் சொன்னவளும் நான்தான்.