அக்காவின் வலது கண்

ஜூன் 3
காலையிலேயே புழுக்கம். நெம்மேலியில் கடற்காற்றே இல்லை. கல்யாண பிளவுஸ் ஒன்று, ஆரி வேலை பாதியில். ஊசி ஓடவில்லை.
பதினொன்றுக்கு ஆஸ்பத்திரி போன், போன வாரம் தம்பி சொல்லி ரத்தம் கொடுத்தேனே, அதற்கு. ஸ்டெல்லா அக்காவுக்கு என் திசு பொருந்துகிறதாம். தம்பியுடையதும் பொருந்தியதுதான், அவன் மனைவி கூடாது என்றுவிட்டாள். மிச்சம் நான்.
அக்காவுக்குப் பொத்தேரி ஹாஸ்டலில் துப்புரவு வேலை. எட்டு மாதம் முன்பு, அடைத்த குழாயில் காஸ்டிக் பவுடர் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். பொங்கி முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போச்சு. வெளிச்சம் மட்டும் தெரியும்.
அப்பா அடக்கத்தன்று எங்களுக்குள் சண்டை; அவள் சரியாகப் பார்க்காததால்தான் அவர் போனார் என்றேன். நாலு வருஷமாகப் பேச்சில்லை.

ஜூன் 5
டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். கருவிழியைச் சுற்றியுள்ள ஓரத்தில்தான் கண்ணின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல். அக்காவுக்கு அது வெந்துவிட்டது. அதனால் கருவிழிமேல் சதை படர்கிறது. என் கண் ஓரத்திலிருந்து நகத்துணுக்கைவிடச் சின்னதாக எடுத்து, நறுக்கி, அவள் வலது கண்ணில் ஒட்டுவார்கள். பிடித்தால் வளரும். பிடிக்காமலும் போகலாம்.
“என் கண்ணு?”
“ஆறிடும்மா. ஆபத்து கம்மி. இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”
வீட்டில் அவர்: “உனுக்குக் கண்ணுதான் பொழப்பு. உன் தம்பியே ஜகா வாங்கிட்டான், நீ இன்னாத்துக்கு?”
அடுப்பில் மீன் கருகியது.

ஜூன் 6
தம்பி போன். “ரீட்டாக்கா, பெரியக்கா வேணாங்குது. உன் கண்ணு தேவையில்லியாம்.”
உடனே பஸ் பிடித்துச் செங்கல்பட்டு, அக்கா வீடு. சுவரைத் தடவிக்கொண்டு வந்து கதவு திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.
“யாரு?”
“ரீட்டா.”
“இன்னாத்துக்கு வந்த? பாவம் பாக்கவா?”
“கையெழுத்து வாங்க.”
“நாளிக்கு உன் கண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா? அதையும் என் தலைல கட்டுவ.”
“ஆமா, கட்டுவேன். இப்ப போடு.”
ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவள் விரலைப் பிடித்து இடம் காட்டினேன். கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் 12
நாளை ஆபரேஷன். எடுக்க: ஆதார் நகல், ரத்த ரிப்போர்ட், 2 நைட்டி, பிளாஸ்க். பிளவுஸ்காரம்மாவிடம் தவணை கேட்டாச்சு.
ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தேன். பயம். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். “லீவு சொல்லிட்டேன். நானும் வரேன்.”

ஜூன் 14
முடிந்தது. மரத்துப்போக ஊசி மட்டும். இன்று கட்டுப் பிரித்தார்கள். மணல் விழுந்ததுபோல் உறுத்தல். எதிர்ச் சுவர் காலண்டரில் தேதி படிக்க முடிந்தது. ஆண்டவரே.
அக்கா பக்கத்துக் கட்டிலில். தூங்குகிறாளா, பேசப் பிடிக்கவில்லையா, தெரியவில்லை.

ஜூன் 27
அக்கா கண் சிவந்து நீர் வடிகிறது. உடம்பு என் திசுவைத் தள்ளுகிறதோ? மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். “ரெண்டு வாரம் பாப்போம்” என்றார் டாக்டரம்மா. முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.
ஊசி விரலில் ஏறிவிட்டது. ரத்தம்.

ஜூலை 18
மழை. சிவப்பு அடங்கிவிட்டது. டாக்டரம்மா அக்காவுக்கு விரல் காட்டினார்.
“ரெண்டு.” சரி.
“மூணு.” சரி.
தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.
அக்கா என்னைக் கிட்டே வரச் சொன்னாள். இன்னும் கிட்டே. மூச்சு படுகிற தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
“எப்பலேர்ந்துடி கண்ணாடி போட்ற?”
“மூணு வருஷம் ஆச்சுக்கா.”