போத்தனூர் மாடி மணி

அக்கா,

நேற்றுக் காலை உங்கள் மகன் வந்தார். ஒரு மஞ்சள் பையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, "அம்மா இதை உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு சொல்லிப்போட்டுப் போனாங்க" என்றார். காபி போடுகிறேன் என்றேன், இருக்கவில்லை. பையைத் திறப்பதற்கு முன்பே புளி போட்டுத் தேய்த்த வெண்கலத்தின் வாசனை வந்துவிட்டது. உங்கள் மருமகள் தேய்த்து அனுப்பியிருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோனது.

எனக்கு அது வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களிடம் எதையும் முதலில் சொல்ல முடிந்ததில்லை. நீங்கள் பேசி முடித்த பிறகு தலையாட்டுவதுதான் என் வேலை. பத்து வருடம் ஆட்டினேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால் உங்கள் இரங்கல் கூட்டத்திலும் பேசச் சொன்னார்கள். பேசினேன். தாய்மார்களுக்கெல்லாம் தாயாக இருந்தவர் என்றேன். முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் பாதி பொய். மீதிப் பாதி உண்மையாக இருப்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

உண்மையான பாதியைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். உங்களைப்போல் பிரசவ வகுப்பு எடுத்த ஆள் இந்த ஊரில் இல்லை. போத்தனூரில் உங்கள் வீட்டு மாடியில் பாய் விரித்து, நிறைமாதக்காரிகளை வரிசையாக உட்கார வைத்திருப்பீர்கள். பின்னால் அவரவர் வீட்டுக்காரர்கள், இடுப்பை எங்கே அழுத்துவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு. ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் வண்டி வரும் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். "இப்ப வலி வருது, மூச்சு விடுங்க" என்பீர்கள். கடைசிப் பெட்டி போகும்வரை எல்லோரும் மூச்சு விட வேண்டும். ஒரு வலி ஏறி இறங்குகிற நேரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பதைவிட அது மனதில் நின்றது. "எந்த வண்டியும் நிக்கறதுக்கு வர்றதில்லை கண்ணு, போயிரும்" என்பீர்கள். எல்லா வண்டியும் நிற்கிற ஜங்ஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற பேச்சா இது என்று எனக்குச் சிரிப்பு வரும். அதையும் சொன்னதில்லை.

அப்புறம் இந்த மணி. காங்கேயத்தில் உங்கள் அப்பா வளர்த்த காளையின் கழுத்தில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து மாடி ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தீர்கள். உங்களிடம் படித்தவள் சுகப்பிரசவம் ஆகிக் குழந்தையோடு படியேறி வந்தால் மணியடிப்பீர்கள். பாயில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். ஆபரேஷன் ஆகி வந்தவளுக்கு மணி கிடையாது. குழந்தையை வாங்கிக் கொஞ்சிவிட்டு, "கொழந்தை நல்லாருக்குதல்லொ, அது போதும் கண்ணு" என்பீர்கள். குரலில் குறையே இருக்காது. ஆனாலும் அந்தப் பெண் ஒருமுறை மணியைப் பார்ப்பாள். நான் கவனித்திருக்கிறேன்.

எனக்கு மூத்தவள் பிரபா சுகப்பிரசவம், இளையவன் ஆபரேஷன். நான் உங்களுக்கு உதவியாகச் சேர்ந்த முதல் வாரமே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வகுப்பு முன்னால் "நம்ம டீச்சர் ஒண்ணு பாஸ், ஒண்ணு ஃபெயில்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஃபெயில் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். வாரம் தவறாமல் கூப்பிட்டு, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கிறான்.

பிரபா உண்டானபோது அவளை உங்கள் வகுப்பில் நானேதான் சேர்த்தேன். என்னிடம் படித்தால் அம்மாதானே என்று அலட்சியமாக இருப்பாள், உங்களிடம் என்றால் ஒழுங்காக வருவாள் என்று கணக்குப் போட்டேன். ஒழுங்காகத்தான் வந்தாள். கூட்ஸ் வண்டிக்கு அவள்தான் எல்லோருக்கும் முந்தி மூச்சு விடுவாள். வீட்டுக்கு வந்து, மணியடிக்கும்போது குழந்தை பயந்துகொள்ளாதா என்று கேட்டாள். காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றேன்.

அவளுக்கு விடிகாலையில் வலி எடுத்தது. மத்தியானம் வரை நன்றாகப் போய், பிறகு அப்படியே நின்றுவிட்டது. நான்கு மணிக்கு டாக்டரம்மா வந்து பார்த்தார். குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கி இறங்கி ஏறுகிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். நிதானமாகத்தான் சொன்னார், மிரட்டவில்லை. பிரபா என் முகத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வயதுப் பெண், கம்பெனியில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல, "அப்ப எனக்கு மணி அடிக்க மாட்டாங்ளாம்மா?" என்று கேட்டாள்.

நான் தாழ்வாரத்துக்குப் போய் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை, குழந்தையின் துடிப்பைக் காட்டித் தாளில் ஓடுகிற அந்தக் கோட்டையும் பார்க்கவில்லை. ஆனாலும் யோசிக்காமல் சொன்னீர்கள். "டாக்டருங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. பொழுது சாயறவரைக்கும் பொறுத்துப் பாருங்க அம்மணி." உள்ளே போய் அதை நான் அவளிடம் சொன்னேன். அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். இரண்டு மணி நேரம் அப்படிப் போனது.

கடைசியில் பேசியது என் மாப்பிள்ளை. பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். "மணி வேணும்னா நான் ஒண்ணு வாங்கித் தர்றேன், இப்ப வா" என்று சொல்லிப் பேனாவை அவள் கையில் வைத்தார். பிறந்ததும் குழந்தை அழவில்லை. அழவைப்பதற்குள் எங்கள் உயிர் போய் வந்தது. ஐந்து நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் டாக்டரம்மா என்னை வழியில் பார்த்து, "கிளாஸ் எடுக்கறவங்க நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மூன்று மாதம் கழித்துப் பிரபா குழந்தையோடு உங்கள் மாடிக்கு வந்தாள். வர வேண்டாம் என்றுதான் சொன்னேன், கேட்கவில்லை. நீலத்தில் சுங்குடிச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். பாயில் ஒரு பத்துப் பேர் இருந்தார்கள். நீங்கள் நாற்காலியில் இருந்தபடியே குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு உச்சி மோந்தீர்கள். பிறகு அதே வாக்கியத்தைச் சொன்னீர்கள். அது போதும் கண்ணு. நம் பிரபா, நம் வீட்டுப் பெண், இவளுக்காவது எழுந்து போய் அந்த மணியை அடிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை. ஒருத்திக்கு அடித்தால் எல்லோருக்கும் அடிக்க வேண்டி வரும் என்று நினைத்தீர்களோ என்னவோ. பிரபா சிரித்த முகத்தோடு குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே அவள் வரவில்லை.

அதன் பிறகும் ஒரு வருடம் நான் உங்களோடு இருந்தேன். நீங்க பண்ணினது தப்புங்க என்று மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். நம் ஊர்ப் பேச்சில் சண்டைக்குக்கூட மரியாதை வைக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் வருகிற அந்த 'ங்க' கோபத்தையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடுகிறது. மூட்டு வலி, படியேற முடியவில்லை என்று பொய் சொல்லி வகுப்பிலிருந்து நின்றுகொண்டேன். நீங்கள் கோடாலித் தைலம் வாங்கிக் கொடுத்தனுப்பினீர்கள்.

இப்போது என் வீட்டுக் கூடத்திலேயே வகுப்பு எடுக்கிறேன். மணி இல்லை. குழந்தையோடு வருகிறவளிடம் எப்படிப் பிறந்தது என்று கேட்பதில்லை, உனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் அரை மணி நேரம் அழுவார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். உங்கள் கூட்ஸ் வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டேன். இந்தப் பக்கம் தண்டவாளம் இல்லாததால் போனில் சத்தத்தைப் பிடித்து வைத்துப் போடுகிறேன். உங்கள் பெயரைச் சொல்வதில்லை.

நேற்றுச் சாயங்காலம் பிரபா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. வந்ததும் வராததுமாகப் பையைத் திறந்து, "அமுச்சி, இது மாட்டு மணியா?" என்று கேட்டு ஆட்டிவிட்டாள். அடுப்படியில் இருந்த பிரபா வந்து அதை வாங்கினாள். மணியின் நாக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முந்திக்கொண்டு உங்களைத் திட்ட ஆரம்பித்தேன். செத்த பிறகும் திமிர் பார், என்னிடமே அனுப்பியிருக்கிறாள் பார் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக 'ங்க' போடாமல் திட்டினேன். நன்றாகத்தான் இருந்தது.

பிரபா நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அவங்க அடிக்கலைன்னு எனக்கு வருத்தமே இல்லீங்மா. அவங்க எனக்கு யாரு? நீங்க மணிக்குப் பக்கத்துலதான நின்னுட்டிருந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிற குரலில் சொன்னாள். நான் கையை நீட்டி, இப்போது அடிக்கட்டுமா என்று கேட்டேன். "இப்ப எதுக்குங்மா?" என்று சொல்லி மணியைப் பையில் போட்டு வைத்துவிட்டு, ரசம் பொங்கிவிடும் என்று உள்ளே போனாள்.

இதனால் உங்கள்மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் போனில் நீங்கள் சொன்ன வார்த்தையை நான் மன்னிக்கவில்லை, மன்னிப்பதாகவும் இல்லை. ஆனால் மணியை உங்கள் மகனிடம் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. தெரிந்தோ தெரியாமலோ சரியான ஆளுக்குத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் மாடியில் அந்தக் கோடியில், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஜன்னலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். எட்டிப் பிடிக்கக்கூட வேண்டியதில்லை அக்கா, கையைத் தூக்கியிருந்தால் போதும்.