சேலையூரில் கொதிக்கும் தார் ஊற்றியதை விபத்தென்று எழுதியது குறித்து

அனுப்புநர்:
வி. கிறிஸ்டி,
த/பெ. வில்பிரட்,
ஆராய்ச்சி மாணவி (சாலைப் பொருட்கள்),
கேம்ப் ரோடு அருகில், சேலையூர்.

பெறுநர்:
காவல் துணை ஆணையர் அவர்கள்,
தாம்பரம்.

பொருள்: சக ஆராய்ச்சியாளர் ஜாய்சன் மீது கொதிக்கும் தார் ஊற்றியது விபத்து என்று பதியப்பட்டதை மாற்றி, கொலை முயற்சி வழக்காகப் பதியக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீடு கட்டியபோது தெருவைவிட மூன்று படி உயரம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, இன்று தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறோம். நான் பிளஸ் டூ படித்த வருடம் மழைத் தண்ணீர் ஹாலில் நின்றது. அம்மா கட்டில்மேல் அடுப்பை வைத்துக் கஞ்சி காய்ச்சினார். அன்று வந்த கோபம்தான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது. அப்பா பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார். நான் கேட்கவில்லை.

2. பழைய சாலையைச் சுரண்டி, அந்தக் கலவையுடன் துண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவைச் சேர்த்து, அதே உயரத்தில் மறுபடி போடுவது எங்கள் ஆராய்ச்சி. மாநகராட்சி அனுமதியுடன் எங்கள் தெருவில் பாதியை நாங்கள் போட்டோம். மீதியை ஒப்பந்ததாரர் போட்டார். அவரும் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது உத்தரவு.

3. 14-ஆம் தேதி சனிக்கிழமை காலை நானும் ஜாய்சனும், அதே அனுமதியின்படி, இரண்டு பாதியிலும் இயந்திரத்தால் வட்டமாக அறுத்து மாதிரி எடுத்தோம். எங்களுடையது கேக் துண்டு போலக் கனமாக வந்தது. அவர்களுடையது அப்பளம் போல வந்தது. அதற்கு அடியில் பழைய சாலை சுரண்டாமல் அப்படியே இருந்தது. ஜாய்சன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4. ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் ஜெயகிருஷ்ணன் தெருமுனையில் ஒட்டுவேலைக்குத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தெருவையே கூட்டிவிட்டார். அவர் சொன்ன சொற்கள்: "புது ரோட்ட நோண்டிகினு கீறாங்க, நீங்க வேடிக்க பாத்துகினு கீறீங்களே." கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டித் தோண்டி எங்கள் தெருக்காரர்கள் நொந்துபோனவர்கள். யார், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் ஹெல்மெட்டும் முகக்கவசமும் அணிந்திருந்ததால் என்னையும் அடையாளம் தெரியவில்லை. அவற்றைக் கழற்றுவதற்குள் செங்கல்லால் ஜாய்சனின் மண்டையை உடைத்துவிட்டார்கள். பின்னாலிருந்து யாரோ அவர் கைகளை மடக்கிப் பிடித்தார்கள்.

5. அந்த நிலையில் ஜெயகிருஷ்ணன் தார் வாளியைக் கொண்டுவந்து, "இத்தயும் டெஸ்ட் பண்ணு" என்று சொல்லி, ஜாய்சனின் வயிற்றிலும் தொடையிலும் ஊற்றினார். தோலில் ஒட்டிய தார் தோலோடுதான் வரும். மருத்துவமனையில் அதை எடுத்தபோது அவர் அலறியது வாசல்வரை கேட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. கையிலிருந்த ஸ்பேனரால் ஜெயகிருஷ்ணனின் வாயில் அடித்தேன், பல் போனது. அதற்கு வழக்குப் போட்டால் வந்து நிற்கிறேன்.

6. காவல் நிலையத்தில் இதை, பிளாஸ்டிக் கலந்த தார் சூடேறித் தெறித்த விபத்து என்று எழுதிவிட்டார்கள். அன்று நாங்கள் எதையும் காய்ச்சவே இல்லை. அந்த ஒரு வரியால் எங்கள் பொருள் ஆபத்தானது என்று ஆராய்ச்சி நிறுத்தப்பட்டுள்ளது. எங்கள் பாதியின் மேலேயே இன்னொரு சாலை போட ஜெயகிருஷ்ணனின் ஆட்கள் ஜல்லி இறக்கியிருக்கிறார்கள். வயிறு எரிகிறது ஐயா.

7. தெருவில் சாட்சி சொல்ல ஆளில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராஜாராமன் என்னைச் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர். அன்று எங்களைச் சூழ்ந்த கூட்டத்தில் இருந்தார். கேட்டதற்கு, "நான் எதையும் பாக்கலம்மா, என்னை இதுல இழுக்காதே" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

8. ஆகவே வழக்கைத் திருத்திப் பதிந்து, ஜெயகிருஷ்ணனைக் கைது செய்து, விசாரணை முடியும்வரை அந்தச் சாலையில் யாரும் கை வைக்காமல் தடுக்க வேண்டுகிறேன். எடுத்த மாதிரிகளை உடைத்துச் சாக்கடையில் போட்டுவிட்டார்கள். வரும் வியாழக்கிழமை அதே இடத்தில் மறுபடி அறுக்கப் போகிறேன். காவலுக்கு ஆள் அனுப்புங்கள். அனுப்பாவிட்டாலும் போவேன்.

இடம்: சேலையூர்
நாள்: 24.06.2025

இப்படிக்கு,
நியாயம் கேட்டு நிற்கும்
வி. கிறிஸ்டி

பின்குறிப்பு: இம்மனுவைத் தட்டச்சு செய்து எடுத்துவந்தபோது ராஜாராமன் எங்கள் வாசலில் நின்றிருந்தார். வாங்கிப் படித்தார். கீழே உள்ளது அவர் கைப்பட எழுதியது.

ஜாய்சனின் கைகளைப் பின்னாலிருந்து பிடித்தவன் நான். ரோட்டை வெட்ட வந்த ஆள் என்று நினைத்தேன். ஜெயகிருஷ்ணன் வாளியோடு வந்ததைப் பார்த்தேன். ஊற்றப்போகிறான் என்று தெரிந்தது. அப்போதும் நான் கையை விடவில்லை.
— ராஜாராமன்