வெள்ளிக் கை அம்மன்

மே மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, இரவு.

கலைக்கூடத்தின் கோடைக் கண்காட்சி இன்று தொடங்கியது. என் ஓவிய வகுப்பு மாணவி செல்வி தன் அம்மாவை வரைந்திருந்தாள். ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். படத்தில் அலுமினியப் பொடி படிந்து, முழங்கை வரை வெள்ளியாக மின்னும் கைகளோடு நின்றார்.

பட்டாசு முதலாளியான எங்கள் கலைக்கூடத் தலைவர் உருகிவிட்டார். "அம்மன் என்னமா ஜொலிக்கிறா!"

"சாமி இல்ல மொதலாளி, எங்கம்மா. கையில பட்டாசு மருந்து."

"ஏ தாயி, மருந்துன்னா பாக்க வர்றவுக மொகம் சுளிப்பாக. சாமியாவே இருக்கட்டும்."

மதியத்துக்குள் அவருடைய அச்சகத்தில் பட்டாசு லேபிள் வரைபவர் வந்து, படத்தின் தலையில் கிரீடம் வைத்துவிட்டுப் போனார். லேபிளில் பழகிய கை, பிசிறே இல்லை. நான் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

மாலையில் வேலை முடிந்து செல்வியின் அம்மா வந்தார். படத்தின் முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்ட கைகளில் வெள்ளி இன்னும் போகவில்லை.

"சாமி அம்புட்டு லட்சணம். என்னைய வரைஞ்சேன்னியே, அது எங்கனடி?"

செல்வி என்னைப் பார்த்தாள். தலைவர் சூடம் வாங்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.